குமாரபுரத்தில் ஒரு சாப்பாடு – குமரி மாவட்டப் பயணக் குறிப்புகள்

பிப்ரவரி 8, 2025, சனி – கன்னியாகுமரி

விவேகானந்தர் பாறைக்கும் திருவள்ளுவர் சிலைக்கும் நடுவில் கண்ணாடிப் பாலம் திறந்ததை டிசம்பர் கடைசியில் டிவியில் பார்த்ததிலிருந்து அம்மா விடவில்லை. "அதுல ஒருக்கா நடந்துட்டு வந்துரோணும் சாமி." திருப்பூரில் பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிற எனக்கு ஜனவரி முடிந்தால்தான் மூச்சு விட நேரம் கிடைக்கும். அதனால் பிப்ரவரியில் கிளம்பினோம்.

சனிக்கிழமை படகுத்துறை வரிசையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். இரண்டரை மணி நேரம் நின்றோம். எங்களுக்கு முன்னால் ஒரு குஜராத்திக் குடும்பம். டப்பாவைத் திறந்து மஞ்சளாக ஒரு சப்பாத்தியை எடுத்து எங்களுக்கும் நீட்டினார்கள். அம்மா பதிலுக்குப் பையிலிருந்து கை முறுக்கு எடுத்துக் கொடுத்தார். ஒரு வார்த்தை இந்தி தெரியாமல் அவர்களுடைய மகனுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்பது வரை விசாரித்துவிட்டார். எப்படி என்று என்னைக் கேட்காதீர்கள்.

பாலம் 77 மீட்டர். கண்ணாடி நடுவில்தான் இருக்கிறது, ஓரங்களில் சாதாரணத் தரை. இத்தனை ஆசைப்பட்டு வந்த அம்மா ஓரமாகவே நடந்து அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தார். "கீழ தண்ணி ஆடுதுடா, அதுல யாரு கால வைப்பா?"

பகலில் சுள்ளென்று வெயில், சாயங்காலம் காற்று தள்ளியது. சூரியன் மறைவதைப் பார்க்க வந்த கூட்டத்தில் பாதிப் பேர் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ராத்திரி ஆப்பமும் முட்டைக் குழம்பும், இரண்டு பேருக்கு 140 ரூபாய். குழம்பில் தேங்காய் எண்ணெய். அம்மா முகம் சுளித்தார், ஆனால் மிச்சம் வைக்கவில்லை. வழியில் ஒரு சீப்பு மட்டிப் பழம் வாங்கினோம். விரல் நீளம்தான் இருக்கும், உரித்தால் அறை முழுக்க மணம்.

பிப்ரவரி 9, ஞாயிறு – மணக்குடி, கொட்டில்பாடு, குளச்சல்

கடற்கரையை ஒட்டியே மேற்கே போக ஒரு ஆட்டோ பேசினோம். 1,400 ரூபாய். டிரைவர் மணக்குடிக்காரர். காயல் மேல் இருக்கும் பாலம் வந்ததும் தானாகவே நிறுத்தினார். 2004 சுனாமியில் பழைய பாலத்தைக் கடல் பெயர்த்து எறிந்துவிட்டது. "சிமென்ட் பாலம் சார், அப்படியே தூக்கிட்டுப் போயிருச்சு" என்று கையால் காட்டினார். எத்தனை பயணிகளுக்குச் சொல்லியிருப்பாரோ, இன்னும் அவருக்கே நம்ப முடியாதது போலத்தான் இருந்தது அந்தக் குரல்.

கொட்டில்பாட்டில் பூசை முடிந்து ஜனங்கள் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். அந்தச் சின்ன ஊரில் மட்டும் 199 பேர் போனார்கள். ஒன்றாகப் புதைத்த இடத்தில் அன்றைக்கும் யாரோ மெழுகுவர்த்தி ஏற்றி வைத்திருந்தார்கள், காற்றில் அணைந்து கிடந்தது. வலை பின்னிக்கொண்டிருந்த ஒரு பெரியவர் எங்களைப் பார்த்து, "டிசம்பர் 26 வந்து பாருங்க, ஊரே இங்கதான் நிக்கும்" என்றார். வெளிநாட்டில் கப்பலில் இருக்கிற பையன்கள்கூட முடிந்தால் அன்றைக்கு வந்துவிடுவார்களாம். சொல்லிவிட்டு வலைக்குத் திரும்பிவிட்டார். அம்மா நூல் எத்தனை நம்பர் என்று கேட்டார். பனியன் ஊர்க்காரிக்கு வேறு என்ன கேட்கத் தோன்றும்.

குளச்சலில் 1741ல் மார்த்தாண்ட வர்மா டச்சுக்காரர்களை ஜெயித்ததற்கு நிற்கும் தூணைப் பார்த்தோம். அது ஒரு நிமிட வேலை. அதற்கப்புறம் மரச்சீனிக் கிழங்கும் சாளை மீன் குழம்பும். அவித்த கிழங்கை மசித்து, காந்தாரி மிளகாய் அரைத்த துவையலோடு தருகிறார்கள். ஒரு தட்டு 60 ரூபாய். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. கடைக்கார அம்மா, "மெள்ளத் தின்னுங்க மக்களே, கிழங்கு எங்கயும் ஓடிப் போவாது" என்றார்.

பிப்ரவரி 10, திங்கள் – தக்கலை

பத்மநாபபுரம் அரண்மனைக்குத் திங்கட்கிழமை விடுமுறை. லாட்ஜில் சாவி கொடுக்கும் தம்பிதான் "காலையிலேயே போயிருங்க சார், கூட்டம் இருக்காது" என்று அனுப்பி வைத்தது. கூட்டம் இல்லைதான். அரண்மனை தமிழ்நாட்டில் இருந்தாலும் கேரளத் தொல்லியல் துறையின் கையில் இருக்கிறது. பூட்டிய கதவுக்கு முன்னால் எங்களைப் போலவே ஏமாந்த ஒரு வேன் கூட்டம் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தது.

சரி, மாத்தூர் தொட்டிப்பாலத்தையாவது பார்ப்போம் என்று தக்கலை பஸ் ஸ்டாண்டுக்கு வந்தோம். ஒரு ரசவடை தின்று (15 ரூபாய், ரசத்தில் ஊறி ஸ்பூனிலேயே பிய்ந்து வருகிறது) அந்தப் பக்கம் போகும் பஸ் எது என்று கேட்டால் ஆளுக்கு ஒன்றைக் காட்டினார்கள். கடைசியில் ஏறிய பஸ்ஸின் பலகையில் 'குமாரபுரம்' என்று இருந்தது. மகளிருக்கு இலவசம் என்பதால் அம்மா டிக்கெட் இல்லாமல் போகிற சந்தோஷத்தில் ஜன்னல் சீட்டைப் பிடித்தார். எனக்குப் பின் சீட்.

அம்மா பக்கத்தில் உட்கார்ந்த பெண்ணுக்கு ஐம்பது வயதுக்குள் இருக்கும். மடியில் ஒரு கட்டைப்பை நிறையச் சாமான். நான் முதலில் கவனித்தது அவர் கைகளை. விரல் நுனியும் உள்ளங்கையும் தார் பூசினது போலக் கறுத்து, தோல் அங்கங்கே உரிந்திருந்தது. முந்திரிக் கொட்டையின் ஓட்டிலிருந்து கசியும் எண்ணெய் அப்படிச் சுட்டுவிடும் என்று பிறகு தெரிந்தது. இந்த ஊரில் முந்திரி ஆலையை அண்டியாபீஸ் என்கிறார்கள். இவர் அங்கே அண்டி தல்லுகிற, அதாவது கொட்டை உடைக்கிற வேலை செய்கிறவர்.

அம்மா ஆரம்பித்தார். "ஏங்கண்ணு, கையில என்ன ஆச்சு?" பத்து நிமிடத்தில் எல்லாம் வந்துவிட்டது. ஆலையில் தினம் உடைக்கிற எடைக்குக் கூலி. மார்த்தாண்டத்துக்கு மேற்கே இருக்கும் முகாம் ஒன்றில் வீடு. சிலோனில் இருந்து 1996ல் வந்தவர். "இப்ப அதுக்குப் பேரு மறுவாழ்வு முகாம் அம்மா. போர்டும் மாத்திட்டினம்." 2021ல் அரசு பெயரை மாற்றியது எனக்கும் நினைவிருந்தது. குடும்பத் தலைவருக்கு மாதம் 1,500, மற்றப் பெரியவர்களுக்கு 1,000, குழந்தைகளுக்கு 500 என்று அப்போதுதான் உதவித்தொகையைக் கூட்டினார்கள்.

குமாரபுரத்தில் என்ன வேலை என்று அம்மா கேட்டார். கூட வேலை செய்கிற அக்கா வீடு அங்கே இருக்கிறது, நாளைக்குச் சாப்பாடு போட வேண்டும், அதற்குச் சாமான் கொண்டுபோகிறேன் என்றார். என்ன விசேஷம்?

"விசேஷம் இல்லை அம்மா. எங்கட ஊரும் குமாரபுரம்தான். நாளைக்கு அங்க செத்த ஆக்களுக்கு."

அம்மாவுக்கு அதற்கு மேல் என்ன கேட்பதென்று தெரியவில்லை, அவருக்கு அது அபூர்வம். பின் சீட்டில் நான் போனை எடுத்துத் தேடினேன். குமாரபுரம் கிழக்கிலங்கையில், திருகோணமலை மாவட்டத்தில், மூதூருக்குத் தெற்கே கிளிவெட்டிக்குப் பக்கத்தில் இருக்கிற ஒரு சின்ன வயல் கிராமம். 1996 பிப்ரவரி 11, ஞாயிறு மாலை, தெகிவத்தை ராணுவ முகாமிலிருந்தும் 58ஆம் மைல் கட்டை ராணுவ முகாமிலிருந்தும் சிப்பாய்கள் ஊருக்குள் வந்து வீடு வீடாகச் சுட்டார்கள். அதற்கு முன்பு புலிகள் இரண்டு சிப்பாய்களைக் கொன்றிருந்தார்கள், அதற்குப் பழி. செத்தவர்கள் 24 என்கிறது அம்னஸ்டி என்கிற மனித உரிமை அமைப்பு, 26 என்றும் எழுதுகிறார்கள். அதில் 13 பேர் பெண்கள். பன்னிரண்டு வயது நிரம்பாத குழந்தைகளும் இருந்தார்கள். பள்ளி போகிற வயதில் ஒரு பெண்ணைக் கொல்வதற்கு முன் செய்ததை நான் இங்கே எழுதப் போவதில்லை.

இறங்கும்போது அவர் அம்மாவின் கையைப் பிடித்து, "நாளைக்கு நேரம் இருந்தா வாங்கோ. சைவச் சாப்பாடுதான்" என்றார். முகாமுக்குள் வெளி ஆட்கள் போக அனுமதி வாங்க வேண்டும். அதனால்தான் அந்த அக்கா வீட்டுத் திண்ணை.

தொட்டிப்பாலத்துக்கு வேறு பஸ் மாறிப் போனோம். 1966ல் கட்டியது, 115 அடி உயரம். கால்வாய்த் தண்ணீர் ஒரு மலையிலிருந்து இன்னொரு மலைக்குப் பாலத்தின் மேல் போகிறது, கீழே பறளியாறு. நல்ல இடம். ஆனால் எங்கள் இரண்டு பேருக்கும் அன்றைக்கு மனசு அதில் இல்லை. அன்னாசி நறுக்கி மிளகாய்த் தூள் போட்டு 30 ரூபாய்க்கு விற்றார்கள், அதைத் தின்றுவிட்டுத் திரும்பிவிட்டோம்.

பிப்ரவரி 11, செவ்வாய் – குமாரபுரம்

தைப்பூசம். வேளிமலைக் குமாரகோவிலுக்குப் போகிற கூட்டத்தில் தக்கலை பஸ் ஸ்டாண்டு திணறியது. இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டு மூன்றாவதில் படியில் தொங்கிக்கொண்டு போனேன். அம்மாவுக்கு உள்ளே ஒரு மாணவி எழுந்து இடம் கொடுத்தாள். போய்ச் சேரும்போது பன்னிரண்டரை.

ரப்பர் தோட்டத்தை ஒட்டிய ஓட்டு வீடு. வீட்டுக்கார அக்கா வாசலிலேயே, "இன்னா வந்துட்டாங்களே. இருங்கம்மா, கஞ்சித் தண்ணி குடியுங்க மொதல்ல" என்று இரண்டு டம்ளரில் உப்புப் போட்ட கஞ்சித் தண்ணியைக் கொடுத்தார். வெயிலுக்கு அது அமிர்தம். அவர் கிறிஸ்தவர், வீட்டில் மாதா படத்துக்குக் கீழே சீரியல் செட் மினுங்கிக்கொண்டிருந்தது. அதே திண்ணையின் இன்னொரு மூலையில் குத்துவிளக்கும் வாழை இலைப் படையலும். இது எப்படி ஆரம்பித்தது என்று கேட்டேன்.

"ஆலையில இவ வந்த புதுசுல நீ எந்த ஊருன்னு கேட்டா. நான் குமாரபுரம்னேன். ஒடனே அழுதா. நான் பயந்துபோனேன். எனக்கு என்ன தெரியும், சிலோன்லயும் ஒரு குமாரபுரம் உண்டுன்னு?" என்று சிரித்தார். "முகாமுல இத்தினி பேருக்குச் சமைக்க எடம் இல்ல. நம்ம வீட்டுல வச்சுக்கோன்னு சொன்னேன். பத்து வருசத்துக்கு மேல ஆச்சு. இது இப்ப எங்க வீட்டு விசேசம் ஆக்கும்."

பந்தியில் ஒரு இருபது பேர். முகாமிலிருந்து நாலைந்து பெண்கள், ஆலையில் கூட வேலை செய்கிறவர்கள், பக்கத்து வீட்டுக் கிழவிகள், ரப்பர் பால் வெட்டுகிற இரண்டு பேர். சிவப்பு அரிசிச் சோறு, கத்தரிக்காய்ப் பால் கறி, பருப்பு, வல்லாரைச் சம்பல், சொதி, பாயசம். சொதியை அம்மா முதல் வாயில் சந்தேகமாகப் பார்த்தார். மூன்றாவது முறை கேட்டு வாங்கி ஊற்றிக்கொண்டார். குமரிக்காரர்களுக்கு அதில் ஒன்றும் புதிதில்லை, சம்பா அரிசியும் தேங்காய்ப் பாலும் அவர்கள் வீட்டிலும் தினம் உள்ளதுதான். பொன்னி அரிசி தின்கிற நாங்கள்தான் அங்கே வெளியூர்.

படையலில் போட்டோ ஒன்றும் இல்லை. ஒரு நோட்டுத் தாளில் பால்பாயிண்ட் பேனாவில் பெயர்கள் எழுதி, பிளாஸ்டிக் உறையில் போட்டு, விளக்கின் அடியில் சாய்த்து வைத்திருந்தார். மடிப்பு விழுந்த இடத்தில் செல்லோடேப் ஒட்டியிருந்தது. கடைசி இரண்டு பெயர்கள் மட்டும் வேறு மையில் இருந்தன. அவருடைய சின்னம்மாவின் வீட்டில் போன இருவர் அவர்கள். தன் வீட்டு ஆட்களை ஏன் கடைசியில் எழுதினார் என்று கேட்க நினைத்து, கேட்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் கிளிவெட்டியில் இருந்தார், வயது 19. அன்று நடந்ததைப் பற்றி அவராகச் சொன்னது அவ்வளவுதான். நாங்களும் கேட்கவில்லை. அதற்கப்புறம் நடந்ததைத்தான் நிறையப் பேசினார், பாத்திரம் கழுவிக்கொண்டே.

சின்னம்மா அதற்குப் பிறகு மாலையில் அடுப்பு மூட்டியதே இல்லையாம். மூன்று மணிக்குள் ராச்சோறு ஆக்கி, நாலு மணிக்குள் அடுப்பில் தண்ணி தெளித்துவிடுவார். சிப்பாய்கள் ஊருக்குள் வந்தது அந்த நேரத்தில். செத்துப்போகும் வரைக்கும் ராத்திரிக்கு ஆறின சோறுதான். "நானும் அப்படித்தான் அம்மா. முகாமில எல்லாரும் சிரிப்பினம். வேலையில்லாத நாளில மூண்டு மணிக்கு என்ர வீட்டில மட்டும்தான் புகை வரும்."

தெகிவத்தை தூரத்து ஊரில்லை. அல்லைக் குளத்துத் திட்டத்தில் குடியேற்றின சிங்கள ஊர். ஒரே வாய்க்கால் தண்ணி, ஒரே சந்தை. சிப்பாய்களோடு அங்கிருந்து ஊர்காவல் படை ஆட்களும் வந்தார்கள். அதனால் ஊர்ச் சனத்துக்கு முகம் தெரிந்திருந்தது. தப்பினவர்கள் அடையாள அணிவகுப்பில் விரல் நீட்டிக் காட்டினார்கள். காட்டிவிட்டு அதே வீட்டுக்குத் திரும்பி, அதே ராணுவக் காவலைத் தாண்டி வயலுக்குப் போனார்கள். ஒரு மாதம் இரண்டு மாதம் இல்லை, இருபது வருஷம். வழக்கு அங்கே இங்கே என்று போய்க் கடைசியில் அனுராதபுரம் உயர் நீதிமன்றத்துக்கு மாற்றப்பட்டது. சின்னம்மாவின் மகன் வேனில் மற்றவர்களோடு போய் வருவார். விடியுமுன் கிளம்பினால் திரும்ப நடுராத்திரி. சிங்களத்தில் நடக்கும், தமிழில் ஆள் சொல்லித் தருவார். தடயமாக எடுத்துப்போன துப்பாக்கிகள் 2004ல் கொழும்பில் அரசு பகுப்பாய்வு அலுவலகத்தில் பிடித்த தீயில் போய்விட்டன. 2016 ஜூலை 27 அன்று குற்றம் சாட்டப்பட்ட ஆறு முன்னாள் ராணுவக் கோப்ரல்களையும் ஜூரிகள் குற்றமற்றவர்கள் என்று விட்டுவிட்டார்கள்.

"அண்டைக்கு நான் ஆலையிலதான் நிண்டனான். தம்பி போன் எடுத்தான். 'அக்கா, விட்டுட்டாங்கள்' எண்டான். நான் கேட்டன், அப்ப ஆர்தான் செய்தது எண்டு. அவன் பேசவே இல்லை. அதுக்குப் பிறகு அவன் அதைப் பற்றிக் கதைக்கிறதே இல்லை. முந்தி கதைப்பான். வழக்கு நடக்கும் மட்டும் கதைப்பான்."

அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. கொட்டில்பாட்டில் பார்த்ததைச் சொன்னார். அங்கேயும் ஒரே நாளில் இத்தனை பேர் போனார்கள், ஆனால் ஊரே சேர்ந்து நினைக்கிறது, அப்படி உங்கள் ஊரிலும் ஒரு நாள் மனசு ஆறும் என்கிற அர்த்தத்தில் ஏதோ.

"எங்கட ஊரிலயும் வருசா வருசம் சனம் கூடுவினம் அம்மா. அழுவினம், விளக்கு வைப்பினம். ஆனா கடல் செய்தா கடலைத் திட்டலாம். கடலை ஆரும் கோட்டில நிப்பாட்டி, நீ செய்யேல்ல, போ எண்டு சொல்ல மாட்டினம்."

வீட்டுக்கார அக்கா, "போதும் பிள்ளே, சோறு தின்னவங்க முன்னால" என்று அடக்கினார். அவர் சிரித்துக்கொண்டார். ஒரு விஷயத்தையும் சேர்த்துச் சொன்னார், யாரும் கேட்காமலே. 1995 மேயில் அதே திருகோணமலை மாவட்டத்தில் கல்லறாவை என்கிற மீனவ ஊரில் புலிகள் 42 சிங்களச் சனத்தைக் கொன்றார்கள். "அதுகளும் பிள்ளை குட்டியோட இருந்த சனம்தானே." அந்தத் தாளில் அந்தப் பெயர்கள் இல்லை. அவருக்கு அவை தெரியாது, தெரிந்திருந்தால் எழுதியிருப்பாரா என்று நான் ஊகிக்கப் போவதில்லை.

அவருடைய மகன் கடைசியில் வந்தான். 22 வயது, டிப்ளமா முடித்திருக்கிறான். முகாமில் பிறந்தவன். வந்ததும், "அம்மா, எனக்கு வச்சிருக்கீங்களா, இல்ல தீந்துபோச்சா?" என்று அச்சு அசலாகக் குமரித் தமிழில் கேட்டான். தாயார் பேசுவதை அவன் பேசவில்லை. அந்தத் தாளைப் பற்றிக் கேட்டேன். "அது அவங்க ஊரு அண்ணா" என்றான். சொல்லிவிட்டு ஒரு நிமிடம் கழித்து, "ஆனா பேரு எல்லாம் எனக்கு மனப்பாடம் ஆக்கும். சின்னதுல இருந்து நான்தான வாசிப்பேன்" என்றான். அவன் சாப்பிடுவதற்கு முன் எழுந்து நின்று வாசித்தான். நடுவில் ஒரு ஆட்டோ ஹாரன் அடித்துக்கொண்டு போனது, நிறுத்திவிட்டுத் தொடர்ந்தான்.

மூன்று மணி ஆனதும் அவர் எழுந்துவிட்டார். முகாமுக்குப் போய் அடுப்பு மூட்ட வேண்டும். மத்தியானம் இருபது பேருக்குச் சமைத்த சோறு மிச்சம் இருந்தது, வாளியில் கட்டிக் கொடுத்தும் இருந்தார்கள்.

பிப்ரவரி 12, புதன் – பத்மநாபபுரம், புதுக்கடை

அரண்மனை திறந்திருந்தது. தரை கண்ணாடி போலிருக்கிறது. தேங்காய்ச் சிரட்டைக் கரி, முட்டை வெள்ளைக்கரு என்று வழிகாட்டி பட்டியல் போட்டார். செருப்பைக் கழற்றிவிட்டு நடக்கையில் அந்தச் சில்லிப்புக்காகவே இன்னொரு தடவை வரலாம். அம்மா மன்னரின் மூலிகைக் கட்டிலைவிட ஊட்டுப்புரையின் ஊறுகாய்ச் சாடிகளைத்தான் ரொம்ப நேரம் பார்த்தார்.

சாயங்காலம் ரயிலுக்கு முன் தேங்காய்ப்பட்டணம் கடற்கரைக்குப் போகும் வழியில் புதுக்கடையில் பஸ் நின்றது. 1954 ஆகஸ்ட் 11 அன்று, இந்தப் பகுதியைத் தமிழ்நாட்டோடு சேர்க்கச் சொல்லிப் போராடியவர்கள் மீது மார்த்தாண்டத்திலும் இங்கேயும் திருவிதாங்கூர்-கொச்சிப் போலீஸ் சுட்டது. இங்கே அதற்கு ஒரு நினைவுத் தூண் உண்டு. 1956 நவம்பர் 1 அன்று மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. சுட்டுக் கொல்லப்பட்டவர்களுக்குத் தியாகிகள் என்று பெயர் வைத்து ஆண்டுதோறும் மாலை போட ஒரு அரசாங்கம் வாய்த்தது. கிளிவெட்டிப் பக்கத்து ஊருக்கு அது வாய்க்கவில்லை. முந்தின நாளின் நினைப்பில் இருந்ததால்தான் இது எனக்குத் தோன்றியிருக்கும், மற்றபடி அந்தத் தூணைத் தாண்டிப் போயிருப்பேன்.

கடற்கரையில் மழைத் தூறல், பிப்ரவரியில். குடை இல்லை. சுக்குக் காப்பி 15 ரூபாய், கருப்பட்டி போட்டது.

ரயிலில் உட்கார்ந்ததும் அந்தப் பையன் போன் செய்தான். நம்பர் அம்மா கொடுத்தது. திருப்பூரில் ஏதாவது கம்பெனியில் வேலை கிடைக்குமா என்றான். இப்போது குமரியில் பெயின்ட் அடிக்கப் போய்க்கொண்டிருக்கிறானாம், டிப்ளமாவுக்கு அதுதான் கிடைக்கிறது. இந்தியாவில் பிறந்திருந்தாலும் தாய் தகப்பன் இரண்டு பேரும் அகதிகள் என்பதால் குடியுரிமை இல்லை, பாஸ்போர்ட் இல்லை. 2019ல் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டத்திலும் இலங்கை கிடையாது. "ஆதார் இருக்கு அண்ணா" என்றான் முதல் வேலையாக. நிறைய இடத்தில் கேட்டுப் பழகியிருக்கிறான்.

எங்கள் முதலாளிக்கு அப்போதே போன் போட்டேன். தையல் மெஷின் மெயின்டனன்ஸுக்கு ஆள் தேவைதான். முகாமில் ஆள் கணக்கெடுக்கிற நாளுக்கு அவன் ஊரில் இருக்க வேண்டும், அதற்கு மாதா மாதம் லீவு கொடுக்க முடியுமா என்றேன்.

"கணக்கெடுப்பா? எதுக்குங்க?"

சொன்னேன்.

"முப்பது வருசமாவா?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "ஷிப்மென்ட் வாரத்துல மட்டும் வராம பார்த்துக்கச் சொல்லுங்க. மார்ச்ல அனுப்பி விடுங்க, பார்க்கலாம்."

கணக்கெடுக்கிற தேதியை முகாமில் முன்கூட்டிச் சொல்ல மாட்டார்கள் என்று பையன் சொல்கிறான். அதை முதலாளியிடம் இன்னும் சொல்லவில்லை. அம்மா அதற்குள் அவன் தங்க எங்கள் தெருவிலேயே ஒரு ரூமுக்கு ஆள் பார்த்துவிட்டார், அட்வான்ஸ் 5,000 கேட்கிறார்கள்.